அப்பா கணக்கில் கீரை

அந்த ஆடி மாதத்திலிருந்து அக்கா வீட்டு அமாவாசைப் படையலில் இலைகள் கூடத் தொடங்கின. அதுவரை ஒரே இலைதான். மாமாவின் அப்பா படத்துக்கு முன்னால் ஒரு தலைவாழை இலை. அதில் சோறு, சாம்பார், வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம், ஓரமாகக் கீரை. ஆடியில் பக்கத்தில் இன்னோர் இலை வந்தது. அது மாமாவின் அம்மாவுக்கு. ஆவணியில் மூன்றாவது இலை, தாத்தாவுக்கு. தாத்தாவுக்குப் படம் கிடையாது. மாமா பிறப்பதற்கு முன்பே இறந்தவர். அவர் எதை விரும்பிச் சாப்பிடுவார் என்று சொல்ல உயிரோடு யாரும் இல்லை. அவருக்கும் கீரைதான் பிடிக்கும் என்று மாமா முடிவு செய்தார்.

மாமா என்பது என் அக்காவின் கணவர். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்தவர். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை மண்டி என்று சொன்னால்தான் புரியும். பல வருடங்களுக்கு முன் அவருடைய இதய வால்வு ஒன்று கெட்டுப்போனது. சென்னையில் அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அதன்பின் மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் மனை வாங்கி வீடு கட்டினார். வேலூரில் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் இருந்து ஓய்வு பெற்ற நானும் அடுத்த தெருவில் வந்து சேர்ந்தேன்.

அந்த வால்வு சத்தம் போடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தால் டிக், டிக் என்று கேட்கும். முதல் முறை வந்த கேஸ் சிலிண்டர்காரர் சுவரில் கடிகாரத்தைத் தேடினார். அக்காவுக்கு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது. மாமா ஊருக்குப் போயிருந்தால் அலாரம் கடிகாரத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள்.

உலோக வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காக மாமா தினமும் சாயங்காலம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்பதை ஐ.என்.ஆர். என்ற எண் காட்டும். அவருக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம், வால்விலேயே நின்றால் அதைவிட மோசம். மேலே ஏறினால் எங்கிருந்து வேண்டுமானாலும் ரத்தம் கசியும். இந்த இரண்டு வரப்புகளுக்கு நடுவில் அவரை நடத்திக்கொண்டு போவதுதான் அக்காவின் வாழ்க்கையாக இருந்தது.

மாத்திரை வேலை செய்வது விட்டமின் கே-யைத் தடுப்பதால். கீரையில் இருப்பதும் அதே விட்டமின். எனவே இதய டாக்டரம்மா ஆரம்பத்திலேயே ஒரு விதி சொல்லியிருந்தார்: கீரையை நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம், என்றைக்கும் ஒரே அளவு சாப்பிடுங்கள்.

இந்த விதியை என் அக்கா நிறைவேற்றியதைப்போல எந்த அரசாணையும் நிறைவேற்றப்பட்டதில்லை. மண்டியில் மாதிரிப் பருப்பு நிறுக்கிற சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வீட்டில் இருந்தது. தினமும் காலையில் முளைக்கீரையை ஆய்ந்து, உதறி, அதில் நிறுப்பாள். ஒரு காம்பு ஜாஸ்தி என்றால் காம்பை எடுப்பாள். வெந்ததும் அது சரியாக ஒரு கரண்டி வரும். அந்த ஒரு கரண்டிதான் வீட்டில் சமைக்கப்படும் மொத்தக் கீரை. அக்கா சாப்பிட மாட்டாள். பாத்திரத்தில் இரண்டு பேருக்கு இருந்தால் கை தவறி அவருக்குக் கூடிவிடும் என்று பயம். கொத்தமல்லிச் சட்னி கிடையாது. அகத்திக்கீரை கிடையவே கிடையாது. அகத்தி மருந்தை முறித்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அது படையலுக்கு மட்டும்தான், அப்புறம் கிரிவலப் பாதையில் பசுவுக்கு.

ஆனி மாதம் மாமாவுக்கு இருமல் நிற்கவில்லை என்று மார்பை ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் ஒன்றுமில்லை. ஆனால் இதயத்தின் ரத்தக் குழாய்களிலும், இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய குழாயின் சுவரிலும் கால்சியம் படிந்திருக்கிறது என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது.

கால்சியம் என்றால் சுண்ணாம்புச் சத்து. அந்தச் செய்தி வீட்டுக்குள் வந்ததும் முதல் சந்தேகம் போர் தண்ணீர்மேல் விழுந்தது. வேங்கிக்கால் தண்ணீர் உப்பு. பக்கெட் விளிம்பில் வெள்ளையாக வட்டம் கட்டும். ஹீட்டர் கம்பி சீக்கிரமே முருங்கைக்காய் தடிமனுக்கு வந்துவிடும். மாமா அன்றைக்கே கேன் தண்ணீருக்கு மாறினார். கேன் தண்ணீரிலேயே குளிக்கவும் ஆரம்பித்தார். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா மாடிக்குப் போனது. ஹீட்டர் கம்பி மாற்ற வந்த பிளம்பரிடம் மாமா யோசனை கேட்டார். அவரும் அக்கறையாகத்தான் பதில் சொன்னார்: பைப்பாக இருந்தால் ஆசிட் ஊற்றலாம், ஆளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதற்குள் மாமாவின் போனில் ஒரு வீடியோ வந்து சேர்ந்திருந்தது. அதில் கோட்டு போட்ட ஒருவர், விட்டமின் கே போதுமான அளவு இருந்தால் ரத்தக் குழாயில் இருக்கும் கால்சியம் தானாக வெளியேறிவிடும் என்றார். மாமா அதைப் பல முறை பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் போனார். அக்காவும் நானும் கூடப் போனோம்.

டாக்டரம்மா பொறுமைசாலி. வீடியோ சொல்வதில் பாதி உண்மை என்று ஆரம்பித்தார். ரத்தக் குழாயின் சுவரிலேயே ஒரு புரதம் உண்டாகிறது. கால்சியம் அங்கே படியாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஆனால் உண்டானபடியே அது வேலைக்கு ஆகாது. விட்டமின் கே வந்து அதற்கு ஒரு கையைப் பொருத்திவிட வேண்டும். அந்தக் கையால்தான் அது கால்சியத்தைப் பிடிக்கும். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களும் அப்படித்தான். அவற்றுக்கும் கை பொருத்துவது அதே விட்டமின். மாத்திரை அந்த விட்டமினைத் தடுக்கிறது. உறைய வைக்கும் புரதங்கள் கையில்லாமல் நிற்பதால் வால்வு பிழைக்கிறது. ஆனால் குழாய்ச் சுவரில் இருக்கும் புரதமும் கையில்லாமல் நிற்கிறது.

மாமா ஒரு விரலைக் கொக்கிபோல வளைத்துக் காட்டினார்.

“லோடுமேன் வந்துட்டான், கொக்கிய கொண்டாரலை. அதானங்க?” என்றார்.

மண்டியில் மூட்டை இறக்குகிறவர்கள் கையில் ஒரு வளைந்த இரும்புக் கொக்கி இருக்கும். அதைக் கோணியில் மாட்டித்தான் இழுப்பார்கள். கொக்கி இல்லாத ஆள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் லாரியோரம் நிற்க வேண்டியதுதான். நான் இதை விளக்கியதும் டாக்டரம்மா, பாடப் புத்தகத்தில் இதைவிட மோசமாகத்தான் எழுதியிருக்கிறது என்றார்.

“அப்ப நான் துன்ற மாத்திரைதான் எல்லார் கொக்கியையும் புடுங்கி வச்சிக்குதா?”

“அதுவும் ஒரு காரணமா இருக்கலாம் ஐயா. வயசு இருக்கு, பிரஷர் இருக்கு, நீங்க அந்தக் காலத்துல குடிச்ச பீடி இருக்கு. கீரை ஜாஸ்தி சாப்பிட்டா படிஞ்சது கரையும்னு யாரும் உறுதியா சொல்லலை. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க. கால்சியம் மெதுவா வர்ற ஆளு. வால்வுல கட்டி வந்துச்சுன்னா அவசரமா வரும்.”

கீரை விதி அப்படியே இருக்கிறது என்பதை அவர் மூன்று விதமாகச் சொல்லி அனுப்பினார். மாமாவும் ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன வார்த்தையை மீறுகிறவர் அல்ல. மண்டியில் அவர் பெயர் அப்படித்தான் நின்றது. ஆனால் ஆட்டோவில் திரும்பும்போது அவருக்கு மனசு கேட்கவில்லை.

“பாவம்டா மச்சான். வேலைக்கு வந்துட்டு சும்மா நிக்கறானுங்க,” என்றார்.

அதற்கு அடுத்த அமாவாசை ஆடி அமாவாசை. அப்போதுதான் இரண்டாவது இலை வந்தது. நான் படையல் முடிந்தபின் வடைக்காகத் தூக்குடன் போகிறவன். அது அவர்கள் வம்சத்துச் சடங்கு; பெண் கொடுத்த வீட்டுக்காரனுக்கு அங்கே வேலை இல்லை. மொட்டை மாடியில் மாமா மலையைப் பார்த்து நின்றுகொண்டு காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். பெரும்பாலும் குரங்குதான் முதலில் வரும். அக்கா துடைப்பத்தோடு குரங்குக்கும் சோற்றுக்கும் நடுவில் நிற்பாள். குரங்கு வடிவத்தில் முன்னோர் வர முடியுமா என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஸ்கேன் பார்த்துப் பயந்த மனிதருக்கு முன்னோர்மேல் பக்தி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வடையை வாங்கி வந்தேன்.

ஆடி அமாவாசை முடிந்து எடுத்த டெஸ்டில் எண் இரண்டுக்குக் கீழே போயிருந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். இரண்டு வாரத்தில் மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னார். இரண்டு வாரத்தில் எடுக்கவில்லை. அடுத்த மாதம்தான் எடுத்தார்கள். அப்போது இன்னும் இறங்கியிருந்தது. மாத்திரையை மேலும் கூட்டினார். இப்படியே இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட வேண்டியிருக்கும் என்றார்.

அக்கா வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. முதலில் மருந்துக்கடை, போலி மாத்திரை என்று முடிவாகிக் கடை மாற்றப்பட்டது. பிறகு கறிவேப்பிலை. மாமா தாளிப்பில் இருந்த கறிவேப்பிலையை ஒதுக்கினாரா மென்றாரா என்று அக்கா சாப்பாட்டுக்குப் பின் தட்டைப் பரிசோதித்தாள். பிறகு தம்பி பெண்டாட்டி கீழ்பென்னாத்தூரிலிருந்து கொடுத்தனுப்பிய துவையல். அது பிரண்டைத் துவையல் என்று தெரிந்தபிறகும் பச்சையாக இருந்த குற்றத்துக்காகத் தெருநாய்க்குப் போனது. தராசிலும் சந்தேகம் வந்தது. நான் ஒரு புது அரைக்கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்து நிறுத்துக் காட்டினேன். தராசு நிரபராதி. இத்தனைக்கும் நடுவில் மாமா தன் ஒரு கரண்டி முளைக்கீரையை மருந்துபோல விழுங்கிவிட்டு, வழித்த கரண்டியை எல்லோருக்கும் காட்டுவார்.

அக்கா மெலிந்துகொண்டிருந்தாள். இரவில் டிக் சத்தத்தில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பதாகச் சொன்னாள். வால்வில் கட்டி வந்தால் சத்தம் மங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதன்பின் அவள் மின்விசிறி போடுவதில்லை. ஆவணிப் புழுக்கத்தில் இரண்டு பேரும் வியர்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

அதற்கு அடுத்த பௌர்ணமி அன்று சாயங்காலம், டீ குடித்துக்கொண்டிருந்த மாமா ஒரு தும்மல் போட்டார். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நிற்கவில்லை. அக்கா துண்டை எடுத்து மூக்கைப் பிடித்தாள். துண்டு நனைந்தது. இன்னொரு துண்டு. ஆட்டோ பிடித்தோம்.

பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் ஆட்டோ எங்கேயும் போகாது என்பது ஆட்டோக்காரருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். போலீஸ் தடுப்பு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து டாக்டரம்மாவின் கிளினிக் கூப்பிடு தூரம்தான். ஆனால் அது எதிர்ப்பக்கம். எங்கள் ஊரில் மலையை வலமாகத்தான் சுற்றுவார்கள். அன்றைக்கு லட்சக்கணக்கான பேர் ஒரே திசையில் வந்துகொண்டிருந்தார்கள். கிளினிக்குக்கு அவர்கள் எல்லோருக்கும் எதிராக நடக்க வேண்டும்.

மாமா தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“பௌர்ணமியும் அதுவுமா எடமா நடக்கமாட்டேன். இப்டியே சுத்தி வந்துடலாம்.”

சுற்றி வருவது என்றால் பதினாலு கிலோமீட்டர். எட்டு லிங்கங்களையும் பார்த்துவிட்டு மூக்கில் ரத்தத்தோடு கிளினிக்குக்குப் பின்பக்கமாக வந்து சேரலாம். அக்கா அழ ஆரம்பித்தாள். போகிறவர்கள் போகிறபோக்கில் யோசனை சொன்னார்கள். அண்ணாந்து பார்க்கச் சொன்னார் ஒருவர், குனியச் சொன்னார் அடுத்தவர். காவி கட்டிய ஒருவர் நின்று நிதானமாக மாமாவின் நெற்றியில் விபூதி பூசிவிட்டுக் கையை நீட்டினார்.

தடுப்பில் இருந்த பெண் காவலர் என்னிடம் விவரம் கேட்டார். சொன்னேன். அவர் மாமாவை ஒரு முறை பார்த்தார். பிறகு ஓரமாக நின்ற ஓர் இளநீர்த் தள்ளுவண்டியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“ஐயா, நீங்க நடக்கத்தான கூடாது? வண்டில உக்காருங்க. வண்டிதான் போவுது, நீங்க போவலை.”

மாமா யோசித்தார். அந்த வாதத்தில் ஓட்டை எதுவும் அவருக்குத் தெரியவில்லை. இளநீர்க் குலைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்து, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். பெண் காவலர் விசிலடித்துக்கொண்டு முன்னால் போனார். வண்டிக்காரர் தள்ள, நான் பின்னால் முட்டுக்கொடுக்க, அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் ஓட, லட்சம் பேரைக் கிழித்துக்கொண்டு போனோம். சிலர் மாமாவைக் கும்பிட்டார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தி வழுக்கை இருக்கிறதா என்று கேட்டார்.

கிளினிக்கில் எண் ஆறைத் தாண்டியிருந்தது. மூக்கில் பஞ்சு அடைத்தார்கள். அன்றைய மாத்திரையை நிறுத்தினார்கள். பிறகு டாக்டரம்மா ஒரு சின்ன மருந்தை மாமாவின் வாயில் ஊற்றினார். என்ன மருந்து என்று நான் கேட்டேன். விட்டமின் கே என்றார். அதைக் கேட்டதும் பஞ்சு வைத்த மூக்கோடு மாமாவின் முகம் மலர்ந்தது.

“கொழாய்ல நிக்கறவனுக்கும் இதுல பங்கு போவுமாங்க?” என்றார்.

ரத்தம் நின்றபின் டாக்டரம்மா எங்களை எதிரே உட்காரவைத்தார். இரண்டு முறை தாழ்ந்த எண் எப்படி இப்போது இவ்வளவு ஏறியது என்பது அவருக்கு விளங்கவில்லை. கூட்டிய மாத்திரை சரியாக வேலை செய்திருக்கிறது. அப்படியானால் அதற்கு முன் தாழ்ந்தது ஏன்? கீரையில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார். தினமும் ஒரு கரண்டி என்றார் மாமா. நிறுத்துப் போடுகிறேன் என்றாள் அக்கா. இருவரும் உண்மைதான் சொன்னார்கள்.

எப்போதெல்லாம் டெஸ்ட் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை பார்த்தபின் என்றாள் அக்கா. ஏன் என்று கேட்டதற்கு, வளர்பிறையில் எடுத்த ரத்தம் ஊறிவிடும், தேய்பிறையில் எடுத்தால் ஊறாது என்று விளக்கினாள். நிலவோடு சேர்ந்து ரத்தமும் தேய்ந்துவிடுமாம். இரண்டு வாரத்தில் வரச் சொன்ன டெஸ்ட் ஏன் ஒரு மாதம் கழித்து வந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

அமாவாசை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த மூன்று இலைகள் நினைவுக்கு வந்தன.

“மாமா, படையல்ல கீரை வைக்கறீங்களே, அது?” என்றேன்.

“அது எங்கப்பாது.”

“யார் சாப்பிடறது?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“நான்தாங்க சாப்புடணும். புள்ளதான் அந்த எலையில உக்காரணும். ஆனா அது அவரு துன்ற மாதிரி. என் கணக்குல வராது.”

“எவ்வளவு இருக்கும்?”

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா கையால் காட்டினாள். அது ஒரு சின்னத் தலையணை அளவு இருந்தது. அப்பாவுக்கு முருங்கைக்கீரை, அம்மாவுக்குப் பொன்னாங்கண்ணி, தாத்தாவுக்கு அகத்தி. கொக்கி விஷயம் தெரிந்த பிறகு பெரியவர்களுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைக்கச் சொன்னதாக மாமா ஒப்புக்கொண்டார். அவர் டாக்டர் சொல்லை மீறவில்லை. அவர் பங்குக்கு ஒரு கரண்டி. அதற்கு மேல் ஓர் இலையும் தாண்டவில்லை. முன்னோர் தங்கள் பங்கைச் சாப்பிட்டார்கள். அதனால் அவர் ரத்தக் குழாய்க்கு ஏதாவது நன்மை வந்தால் அது அவர்கள் ஆசீர்வாதம்.

“அகத்தி மருந்த முறிக்கும்னு உங்க வீட்லயே சொல்வாங்களே ஐயா?”

“எங்க தாத்தா மாத்திரை எதுவும் சாப்புடறதில்லைங்களே.”

நான் விரல்விட்டு எண்ணிக் கணக்கை வாய்விட்டே சொன்னேன். அமாவாசைக்கு அமாவாசை மாமா முன்னோர் பங்குக் கீரையையெல்லாம் சாப்பிடுகிறார். எண் விழுகிறது. மூன்றாம் பிறையன்று அக்கா அவரை ரத்தம் கொடுக்க அழைத்துப் போகிறாள். விழுந்த எண்ணைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டுகிறார். முன்னோர் போய்விடுகிறார்கள், கூட்டிய மாத்திரை அப்படியே இருக்கிறது. பௌர்ணமிக்குள் எண் ஏறிவிடுகிறது. பத்திரிகையில் இதைச் செய்தியாக யாராவது எழுதிக்கொண்டு வந்திருந்தால், நம்பும்படி இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மருத்துவத்தில் எப்படியோ இதற்கும் இடம் கண்டுபிடித்தார்.

“இனிமே உங்க அப்பாவுக்கும் ஒரு கரண்டிதான். அந்த ஒரு கரண்டியும் உங்க கரண்டிதான். அன்னிக்கு வேற கீரை கெடையாது.”

“அவருக்கு என்னானு பதில் சொல்றது?”

“டாக்டர் சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க.”

பழைய அளவுக்கு மாத்திரை வந்தது. சில நாட்களில் மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார். அக்கா தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்தபின் முடியாது என்றாள். வரப்போவது சாதாரணத் தேய்பிறை அல்ல. மகாளய அமாவாசைக்கு முந்தைய தேய்பிறை. மூக்கு வழியாகப் போனது போதாதா, ஊசி வைத்து வேறு எடுக்க வேண்டுமா, அது எங்கே போய் ஊறும் என்று கேட்டாள். நான் நிலவுக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் எண் இரண்டு மாதமாக நிலவோடுதானே ஏறி இறங்கியது, நீயே சொன்னாயே என்றாள்.

பின்கட்டில் அந்த இரண்டு துண்டுகளையும் அவள் துவைத்துக்கொண்டிருந்ததை நான் நான்கைந்து தடவை பார்த்தேன். கறை மங்கிவிட்டது. ஆனாலும் துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலை அவளே மாமாவைக் கிளப்பிக்கொண்டு வந்து என் வாசலில் நின்றாள். ஆட்டோ கூப்பிடச் சொன்னாள். கிளினிக் லேபில் மாமாவிடம் ரத்தம் எடுத்து முடித்த பெண்ணிடம், தன் கையையும் நீட்டினாள்.

“எனக்கும் எடும்மா.”

“உங்களுக்கு என்னா டெஸ்ட்டும்மா?”

“அவருக்கு எடுக்கறதேதான். தேயறதுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து தேயறோம்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் எடுத்துவிடச் சொன்னேன்.

மாமாவின் எண் இரண்டே முக்கால். டாக்டரம்மா அந்த எண்ணுக்குக் கீழே பேனாவால் கோடு இழுத்தார். கால்சியத்தைப் பற்றி மாமா மறுபடியும் கேட்டார். அது இருக்கும் இடத்திலேயே இருக்கிறது, பிரஷர் மாத்திரையைச் சாப்பிடுங்கள், தினமும் நடங்கள், எந்தத் திசையில் நடந்தாலும் சரி என்றார்.

அக்காவின் எண் ஒன்று. அதைப் பார்த்து அவள் முகம் வாடிவிட்டது. தனக்கு ரொம்பக் கம்மியாக இருக்கிறதே என்றாள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு ஒன்றுதான் சரியான எண் என்று டாக்டரம்மா சொன்னார்.

“அப்ப நான் கீரை சாப்புடலாங்களா?”

“எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுங்கம்மா.”

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கீரையை வாயில் வைத்ததில்லை என்பது அப்போது டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அக்காவும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் உழவர் சந்தையில் ஆட்டோவை நிறுத்தி ஒரு கட்டு அகத்தி வாங்கினாள். பசுவுக்கா என்று மாமா கேட்டார். பேசாமல் வரச் சொன்னாள்.

மகாளய அமாவாசை அன்று எனக்கு முதல்முறையாக அழைப்பு வந்தது. படத்துக்கு முன்னால் ஒரே இலை. அதில் நிறுத்து வைத்த ஒரு கரண்டி முளைக்கீரை. மாமா படத்தின் முன் நின்று, டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள் என்று தாழ்ந்த குரலில் அப்பாவுக்குத் தெரிவித்தார். மாடியில் காக்கை குரங்குக்கு முன்னால் வந்துவிட்டது. அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். பிறகு இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கடைசியில் கரண்டியை வழித்து எனக்குக் காட்டினார்.

அதற்குள் அக்கா அடுப்படியிலிருந்து இன்னோர் இலையைக் கொண்டுவந்து மாமாவுக்கு எதிரே போட்டாள். அதில் அகத்தி, முருங்கை, பொன்னாங்கண்ணி மூன்றும் குவியலாக இருந்தன. மாமா நிமிர்ந்து பார்த்தார். பெரியவர்களுக்குக் குறை வைக்கக் கூடாது, அந்தக் கணக்கு இனி தன்னுடையது என்று சொல்லிவிட்டு அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தேங்காய் போட்டிருந்தாள், வெங்காயம் போடவில்லை. தலை நிமிராமல் சாப்பிட்டாள். மின்விசிறி ஓடவில்லை. மாமாவின் நெஞ்சில் டிக் சத்தம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இலை காலியானதும் அக்கா எழுந்து போய்ப் பாத்திரத்தையே தூக்கி வந்தாள்.

“மாமனாரு இன்னும் ரெண்டு கரண்டி கேக்கறாரு,” என்று சொல்லிவிட்டுத் தன் இலையில் போட்டுக்கொண்டாள்.